பிடிக்காத குரலுக்கும் ஒரு மேடை

சிலப்பதிகாரத்தின் கதை திசைமாறும் இடத்தில் போர் இல்லை, சூழ்ச்சி இல்லை. இருப்பது ஒரு யாழும் சில பாட்டுகளும். புகார்க் கடற்கரையில் மாதவி யாழைச் சுருதி சேர்த்துக் கோவலன் கையில் கொடுக்கிறாள். அவன் கடலையும் கழியையும் நெய்தல் நிலத்துப் பெண்ணையும் வைத்து வரிப்பாட்டு பாடுகிறான். கேட்டவளுக்கு அவன் மனத்தில் வேறொருத்தி இருப்பதாகப் படுகிறது. யாழை வாங்கி, தனக்கும் வேறு நினைப்பு இருப்பதுபோலப் பாடுகிறாள். கோவலன் எழுந்து போய்விடுகிறான். கானல்வரியின் அந்த மெட்டுகளுக்கு மக்கள் வழக்கில் இருந்த பாட்டுகளே வேர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மக்கள் மெட்டை யாழோடு பாடினால் கேட்பவர்கள் ஒரே மாதிரி கேட்கமாட்டார்கள் என்பது இளங்கோவடிகளுக்குத் தெரிந்திருந்தது.

நம் காலத்தில் இந்தப் பிளவுக்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் ஜோனா நியூசம். 1982இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். யாழின் மேற்கத்திய உறவான ஹார்ப்பைத் தோளில் சாய்த்து மீட்டிக்கொண்டு பாடுபவர். 2004இல் முதல் ஆல்பம் வந்தபோதே கேட்போர் இரண்டாகப் பிரிந்தார்கள். குழந்தை கீச்சிடுவதுபோல இருக்கிறது, ஒரு பாட்டுக்கு மேல் தாங்காது என்றது ஒரு தரப்பு. இப்படி ஒரு குரலைக் கேட்டதே இல்லை என்று உருகியது இன்னொரு தரப்பு. 2006இல் வந்த ‘ஈஸ்’ ஆல்பத்தில் ஐந்தே பாட்டுகள். அவற்றில் ஒன்று ஏறக்குறைய 17 நிமிடம். 2009இல் குரல்நாண் முடிச்சுகளால் சில காலம் அவரால் பாட முடியவில்லை. மீண்டு வந்து 2010இல் வெளியிட்ட ஆல்பத்தில் குரலின் பழைய கூர்மை குறைந்திருந்தது. இப்போதுதான் கேட்க முடிகிறது என்றார்கள் சிலர். அந்தப் பழைய குரல் எங்கே போயிற்று என்றார்கள் வேறு சிலர்.

தமிழ்நாட்டில் இதே விவாதம் இன்னும் ஆழமான இடத்தில் நடக்கிறது. நம்மிடம் யாழ் இருந்தது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாக இல்லை. ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்ற அமைப்பில் கமகங்களை இழைத்து வாசிப்பது கடினம், வீணை அதை எளிதாக்கியது, யாழ் ஒதுங்கியது. யாழ் மறைந்ததற்குப் பலர் சொல்லும் காரணம் இது. மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து எழுதிய ‘யாழ்நூல்’ 1947இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் மறைந்தார். கணக்கும் இலக்கணமுமாக அவர் மீட்டுத் தந்த யாழ் பெரும்பாலும் புத்தகத்திலேயே தங்கிவிட்டது.

அதைக் கைக்குக் கொண்டுவர முனைந்தவர்களில் ஒருவர் தருண் சேகர். கட்டடக்கலை படித்தவர்; சென்னையில் ‘உரு’ என்ற பெயரில் இசைக்கருவிகள் செய்கிறார். ஏழு நரம்புள்ள செங்கோட்டியாழைத் தழுவி ஒரு யாழ் செய்து, அதை வைத்து 2021இல் ‘அழகி’ என்ற பாட்டை வெளியிட்டார். பண்ணிசைப் பாட்டு அல்ல, இன்றைய இளைஞர்கள் கேட்கும் பாணியில் அமைந்த பாட்டு.

இப்படி ஒரு முயற்சி வந்தால் இரண்டு குரல்கள் எழும். சங்க காலத்து யாழ் திரும்பி வந்துவிட்டது என்று கொண்டாடும் குரல் ஒன்று. இது கிட்டார் மாதிரி ஒலிக்கிறது, யாழே இல்லை என்று தள்ளும் குரல் ஒன்று. இரண்டுமே அவசரம். பழைய யாழின் ஒலியைக் கேட்ட காது ஒன்றுகூட இன்று இல்லை. இலக்கிய வருணனையும் கோயில் சிற்பமும் விபுலானந்தரின் ஆராய்ச்சியும்தான் இருக்கின்றன. சாட்சியே இல்லாத வழக்கில் அசல் என்றும் போலி என்றும் தீர்ப்பு எழுத யாருக்கும் உரிமை இல்லை. பாட்டு பிடித்திருக்கிறதா, கருவி நன்றாகப் பேசுகிறதா என்று சொல்லலாம். அதைத் தாராளமாகச் சொல்ல வேண்டும்.

யாழின் உறவுகள் முற்றிலும் அழிந்துவிடவும் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் கோண்டு மக்களின் பாணர்களான பர்தான்கள் ‘பின்பாஜா’ என்ற ஐந்து நரம்பு வில்யாழை மீட்டிக் கதை பாடி வந்திருக்கிறார்கள். பர்மாவில் ‘சௌங்’ என்ற வளைந்த யாழ் 16 நரம்புகளோடு இன்றும் மேடையில் இருக்கிறது. ஒன்று காட்டோரக் கிராமத்தின் கருவி, மற்றொன்று அரசவையில் வளர்ந்த கருவி. இரண்டும் ஒரே குடும்பம். ஒலியோ வேறு வேறு. அப்படியிருக்க, தமிழ் யாழுக்கு மட்டும் ஒரே ஒரு சரியான ஒலி இருந்தது என்று நம்புவதற்கு என்ன ஆதாரம்?

இந்தக் கேள்விக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களிடம் ஒரு பழைய பதில் இருக்கிறது. இன்று தொழிற்பேட்டைகளாகிவிட்ட ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் இருக்கிற தொண்டை நாட்டின் பாட்டு பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அதில் ஓர் இடையன் வருகிறான். மாடு மேய்க்கும் இடத்தில் குழலூதுகிறான். அது சலித்துப் போகிறது. குமிழ மரக் கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கிக் கட்டி, தானே ஒரு வில்யாழ் செய்து குறிஞ்சிப் பண் வாசிக்கிறான். தம் இனத்தின் ஒலி என்று நினைத்து வண்டுகள் அதைக் காதுகொடுத்துக் கேட்கின்றன. அவன் பாணனும் இல்லை, யாழாசிரியனிடம் பயின்றவனும் இல்லை. முல்லை நிலத்து ஆள் குறிஞ்சிப் பண்ணை வாசிக்கிறான். இலக்கணப்படி பார்த்தால் இடறும். உருத்திரங்கண்ணனார் அவனைத் திருத்தவில்லை, பாட்டில் ஏற்றிவைத்தார்.

குரலா, கருவியா என்ற சண்டையும் நமக்குப் புதிதல்ல. திருஞானசம்பந்தரின் பதிகங்களைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் வாசித்தார். தருமபுரத்தில் யாழ்ப்பாணரின் உறவினர்கள், பதிகத்தின் பெருமையே இவர் யாழால்தான் வந்தது என்று பேசினார்கள் என்கிறது பெரியபுராணம். யாழ்ப்பாணர் மனம் நொந்தார். யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடும்படி அவரே சம்பந்தரை வேண்டினார். அது பாடப்பட்டதும் யாழை உடைக்கத் துணிந்தார். சம்பந்தர் தடுத்து, யாழ் எட்டும் அளவுக்கு வாசியுங்கள், போதும் என்று அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். கேட்டவர்களின் அரட்டை ஒரு கலைஞனைத் தன் கருவியை உடைக்கும் நிலைவரை கொண்டுபோனது. விமர்சனம் எழுதுகிற ஒவ்வொருவரும் இந்த இடத்தை ஒருமுறை படித்துவிட்டு எழுதலாம்.

இன்னொரு கதை ஸ்ரீபெரும்புதூருக்கு இன்னும் நெருக்கமானது. ராமானுஜர் பிறந்த ஊர் இது. அவருடைய குருபரம்பரையில் முன்னே நிற்பவர் நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்து இசையமைத்த நாதமுனிகள். வைணவ குருபரம்பரை நூல்கள் சொல்வது இது: சோழன் சபையில் இரண்டு பெண்கள் பாடினார்கள். ஒருத்தி எல்லாரும் அறிந்த முறையில் பாடினாள். அவளுக்குப் பரிசு கிடைத்தது. மற்றவள் பாடியது தேவகானம். சபைக்குப் புரியவில்லை, மதிப்பாரில்லை. அவள் வீரநாராயணபுரத்துக்கு வந்து பெருமாள் சந்நிதியில் பாடினாள். நாதமுனிகள் கேட்டார், பாராட்டினார். விஷயம் அரசனுக்கு எட்டியது. உங்களுக்கு மட்டும் இதன் அருமை எப்படித் தெரிந்தது என்று அவன் கேட்க, பல தாளங்களை ஒன்றாக ஒலிக்கச் செய்து, ஒவ்வொன்றின் எடையையும் ஒலியை வைத்தே சொல்லிக் காட்டினாராம். அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமல் இருந்தது பழகிய ஒரு காது.

பழக்கம் என்றால் என்ன என்பதற்கு வில்லுப்பாட்டே போதும். நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் அது கோயில் கொடையின் பகுதி. வில்லும் வீசுகோலும் குடமும் உடுக்கையுமாக விடியவிடிய சாமி கதை பாடுவார்கள். கதையின் உச்சத்தில் சாமியாடிக்கு அருள் வரும். அந்த வில்லை நாகர்கோவில்காரரான கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சென்னை மேடைக்குக் கொண்டுவந்து காந்தியின் கதை பாடினார். எழுதிக் கொடுத்தவர் சுப்பு ஆறுமுகம். பிறகு அவரே வில்லை ஏந்தி, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பல தலைமுறைகளுக்கு அதைக் கேட்கக் கொடுத்தார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2022இல் மறைந்தார். சாமி இல்லாத, இரவு முழுக்க நீளாத, நகைச்சுவை கலந்த அந்த வில்லிசை வில்லுப்பாட்டு ஆகுமா என்று கேட்க இடம் உண்டு. அதே காலத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தில் பூங்கனி என்ற பெண் கோயில் கொடைகளில் வில்லடித்துப் பாடிக்கொண்டிருந்தார். ஆண்கள் கோலோச்சிய அந்தக் கலையில் வீசுகோலைச் சுழற்றியபடி கணீரென்று பாடிய அவர், 2018இல் பெரிய வெளிச்சம் எதுவும் இல்லாமல் காலமானார். சுப்பு ஆறுமுகத்தை ஏற்பதற்காகப் பூங்கனியை மறக்கவும் வேண்டாம், பூங்கனியைப் போற்றுவதற்காகச் சுப்பு ஆறுமுகத்தைத் தள்ளவும் வேண்டாம். மரபு இருவர் கையிலும் இருந்தது.

மரபு காக்கப்பட வேண்டும் என்று கவலைப்படுவோரை ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் தரப்பில் ஒரு நியாயம் கனமாக இருக்கிறது. நாட்டுப்புற மெட்டை எடுத்துப் புதிதாகச் செய்யும்போது பெயரும் பணமும் யாருக்குப் போகின்றன என்ற கேள்வி அது. ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டு உலகம் சுற்றிய 2021ஆம் ஆண்டிலேயே, ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் அதை எழுதிப் பாடிய ராப் பாடகர் அறிவின் படம் இல்லாதது பெரும் கண்டனத்தை எழுப்பியது. பிறகுதான் அவருக்குத் தனியாக இணைய அட்டை வந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வழிவந்த ஒரு குடும்பத்தின் நினைவு அந்தப் பாட்டில் இருக்கிறது. அங்கே கேள்வி கேட்பது கடமை. ஆனால் இது பங்கும் மதிப்பும் பற்றிய கேள்வி. ஒரு குரல் பிசிறாக இருக்கிறது, ஒரு கருவி பழக்கமில்லாமல் ஒலிக்கிறது என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கானாவையும் பறையையும் ராக் இசையோடு சேர்த்து மேடையேற்றியபோது, கானாவை அதுவரை இசையாகவே எண்ணாத பலர் நின்று கேட்டார்கள். பிடிக்காதவர்களும் கேட்டார்கள். விவாதம் கேட்ட பிறகு நடந்தது; அதுதான் முறை.

கேட்ட பிறகு விவாதிக்கும் அந்த வாய்ப்பு இல்லாத இடம் ஒன்று உண்டு: ஒரகடம் தொழில் வழித்தடம். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வல்லம் வடகால் வரை காரும் லாரியும் பைக்கும் செல்போனும் இரவு பகலாகத் தயாராகின்றன. தென் மாவட்டத்துப் பெண்கள், வட மாவட்டத்து இளைஞர்கள், பீகார், ஒடிசா, அசாம் தொழிலாளர்கள் என்று நாட்டின் பாதி நாட்டுப்புற இசை இந்தச் சாலையில் குடியிருக்கிறது. ஒப்பாரி தெரிந்தவர் இருப்பார், வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர் இருப்பார், பிஹு பாடுபவர் இருப்பார். ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினால் ஆளுக்கொரு இயர்போன். பக்கத்து இருக்கைக்காரர் என்ன கேட்கிறார் என்று யாருக்கும் தெரியாது. பிடிக்காத பாட்டை ஒரு விரலால் தள்ளிவிடலாம். முழுக்கக் கேட்டுவிட்டுச் சண்டை போடும் வாய்ப்பே இல்லை. ஊர்த் திருவிழா மேடைகளிலும் பெரும்பாலும் சினிமாப் பாட்டுக் கச்சேரிதான்.

வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் சிப்காட் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கும் இடம். மின்னணு ஆலையில் வேலை செய்யும் பெண்களுக்காகக் கட்டியது. தமிழகத்தின் சிறிய ஊர்கள் பலவற்றைவிட அதிகமான பேர் ஒரே வளாகத்தில். தூங்கவும் சாப்பிடவும் அங்கே வசதி செய்திருக்கிறார்கள். பாட்டுக்கும் வசதி செய்ய வேண்டும்.

சிப்காட்டும் மாநிலக் கலை பண்பாட்டுத் துறையும் இந்த வழித்தடத்தின் பெரிய ஆலைகளும் சேர்ந்தால் மாதம் ஒரு மாலை நடத்துவது பெரிய செலவு இல்லை. ஒரு மாதம் கோயில் கொடையில் பாடும் வில்லிசைக் குழுவை அழையுங்கள். அடுத்த மாதம் யாழ் செய்கிறவர்களை அழைத்து, கருவியைத் தொழிலாளர்களின் கையிலேயே கொடுங்கள். மரமும் கம்பியும் இழுவிசையும் இயந்திரத்தோடு வேலை செய்கிறவர்களுக்குப் புதிதல்ல, நல்ல கேள்விகள் வரும். இன்னொரு மாதம் விடுதியிலேயே தங்கியிருக்கும் பெண்களைப் பாடச் சொல்லுங்கள். வருகிற கலைஞருக்கு முறையான சம்பளம் கொடுங்கள், மெட்டு எந்த ஊர், யாருடையது என்று மேடையில் சொல்லுங்கள். சினிமாப் பாட்டு ஒன்றாவது பாட வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள். பாடி முடிந்ததும் அரை மணி நேரம் பேச விடுங்கள். பிடிக்கவில்லை என்று எழுந்து சொல்கிறவருக்கும் அதே மைக்கைக் கொடுங்கள்.