குரலைப் பார்த்த மாலை

போனக்காட்டில் லயம் என்றால் தாளமல்ல, வீடு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகள். 'லைன்' என்ற ஆங்கிலச் சொல் மலையேறி லயமாகிவிட்டது. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சுமார் 60 கி.மீ. வெள்ளைக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களின் வழிவந்தவர்கள் இங்கே வாழ்கிறார்கள். தேயிலைத் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. சம்பள பாக்கிக்குப் பல வருட வயது.

தலைக்கு மேலே நிற்பது பொதிகை. அதன் 1,868 மீட்டர் சிகரமான அகத்தியர்கூடத்துக்கு நடை தொடங்குவது போனக்காட்டிலிருந்துதான். தெற்கே வந்து தொல்லை கொடுத்த இராவணனை அகத்தியர் இசையாலேயே கட்டிப்போட்டார் என்று தொல்காப்பிய உரையில் நச்சினார்க்கினியர் சொல்கிறார். பாட்டில் பாறை உருகியது என்பது மக்கள் சேர்த்த அலங்காரம். எப்படியானாலும், நேரில் கேட்டு மயங்கி ஊர் திரும்பிய முதல் ரசிகன் இராவணன்தான் போலும்.

அவனுக்குக் கிடைத்த வசதி அதே மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு எளிதில் கிடைக்காது. மாலைக் கச்சேரி கேட்கத் திருவனந்தபுரம் போனால் ஒரு நாள் கூலி போச்சு. இரவில் மலையேறுவது இன்னொரு பாடு. ஆகவே தோட்டங்களுக்குப் பாட்டு வந்தது பெரும்பாலும் பெட்டிக்குள்ளிருந்துதான். 1943 மார்ச் 12 அன்று திருவிதாங்கூர் அரசு தொடங்கிய திருவனந்தபுரம் வானொலி, 1950 ஏப்ரல் முதல் ஆகாசவாணியின் நிலையமானது. வானொலி ரசிகன் தனி ஜாதி. பாடகரின் குரலை ஆயிரம் குரலில் கண்டுபிடிப்பான். ஆளை நேரில் கண்டால் அடையாளம் தெரியாது.

அப்படிக் கேட்கப்பட்ட குரல்களில் ஒன்று பாறசாலை பி. பொன்னம்மாளுடையது. பாறசாலை, களியக்காவிளைக்குப் பக்கத்தில், இரு மாநிலங்களும் முட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கிற ஊர். 1924-ல் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் 1939-ல் சுவாதித் திருநாள் சங்கீத அகாடமி தொடங்கியபோது அதன் முதல் மாணவி. அங்கே முதல்வராக இருந்தவர் பொதிகைக்கு அந்தப் பக்கத்துக்காரர்: நெல்லைச் சீமையின் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். 18 வயதிலேயே பொன்னம்மாள் பள்ளியில் பாட்டு டீச்சர். பிறகு படித்த அகாடமியிலேயே முதல் பெண் ஆசிரியர். அதன்பின் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல் பெண் முதல்வர். நெய்யாற்றின்கரை வாசுதேவனும், சினிமாவுக்கு இசையமைத்த எம்.ஜி. ராதாகிருஷ்ணனும் அவரிடம் கற்றவர்கள்.

இத்தனை 'முதல்'களுக்குப் பிறகும் ஓர் இடம் மட்டும் பாக்கி இருந்தது. பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபம். ஆண்டுதோறும் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அங்கே எழுந்தருள்கிறாள். கம்பர் பூஜித்த விக்கிரகம் என்பது ஐதீகம். ஒன்பது நாள் மாலையும் அவள் முன்னால் கச்சேரி. ஒவ்வொரு நாளுக்கும் சுவாதித் திருநாளின் ஒரு கிருதி. முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி என்று ஒன்பதாம் நாள் ஆரபி வரை ராகம் மாறாது. வீற்றிருப்பவள் பெண், பாடப்படும் கிருதிகள் பெண்ணைப் பற்றியவை, பாட மட்டும் பெண் கூடாது. மூன்று நூற்றாண்டு வழக்கம் என்றார்கள். எம்.எஸ். பாடவில்லை, பட்டம்மாள் பாடவில்லை, எம்.எல். வசந்தகுமாரி பாடவில்லை. தன் மாணவர்களுக்கு இல்லாத தடை அந்த ஆசிரியைக்கு இருந்தது.

அந்த மண்டபத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எண்ணெய் விளக்குகள்தான் வெளிச்சம். தரை கறுத்து முகம் பார்க்கலாம் போல மின்னும். எதிரொலியை அடக்க மேலே மண்பானைகளைக் கவிழ்த்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்து ஒலிப் பொறியியல். முதலில் முல்லமூடு பாகவதர்கள் தோடய மங்களம் பாடுவார்கள். பாடகர் பார்ப்பது தேவியை, கூட்டத்தை அல்ல. தானம் பாடும்போது மிருதங்கமும் சேர்ந்துகொள்ளும். வேறு மேடைகளில் இது அபூர்வம். ஆண்கள் சட்டை போடக்கூடாது. கைதட்டவும் கூடாது. மாலை ஆறுக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிந்தாக வேண்டும். 'துக்கடா' கேட்டுச் சீட்டு அனுப்புகிறவர்களுக்கு அங்கே வேலையில்லை.

2006 நவராத்திரியில் அந்தக் கதவு திறந்தது. அரச குடும்பத்தைச் சேர்ந்த பாடகர் ராம வர்மா இதற்கு முன்னின்றவர். உள்ளே போய் உட்கார்ந்த பொன்னம்மாளுக்கு வயது 81.

வானொலி ரசிகனுக்கு அப்படியொரு மாலை என்ன செய்யும்? முதலில் ஏமாற்றம்தான். காதுக்குள் இருந்த குரலுக்கு வயதே கிடையாது. எதிரே இருப்பதோ பேத்திகளைக் கண்ட மூதாட்டி. இரண்டும் ஒன்றுதான் என்று மனம் ஒப்புக்கொள்ளச் சில நிமிடங்கள் பிடிக்கும். பிறகு, பெட்டி இதுவரை காட்டாத சங்கதிகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். வரிக்கு முன்னால் இழுக்கும் மூச்சு. தொடையில் விழும் தாளம். வயலின்காரர் பதில் சொல்லும் வரை காத்திருக்கும் பொறுமை. பொன்னம்மாள் அவசரப்படாத பாடகி. கையை வீசுவதோ முகத்தைச் சுளிப்பதோ கிடையாது. விளம்ப காலத்தில், சாகித்தியத்தின் ஒவ்வொரு சொல்லும் முழுசாக வெளியே வரும்படி பாடுவார். பெட்டிக்குள் அது எளிமையாகக் கேட்கும். நேரில் பார்த்தால்தான் எத்தனை மூச்சுக் கணக்கு அதற்குள் இருக்கிறது என்பது புரியும். நல்ல பாடகரை நேரில் பார்ப்பது என்றால் பெரும்பகுதி இந்த உழைப்பைப் பார்ப்பதுதான். தேயிலை கிள்ளுகிற கைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சந்தோஷத்தோடு ஒரு கோபமும் சேர்ந்து வரும். 40 வயதில், 50 வயதில் அந்தக் குரல் அதே மண்டபத்தில் எப்படி இருந்திருக்கும்? அதைக் கேட்கும் பாக்கியம் யாருக்கும் இல்லாமல் போயிற்று. வானொலிக்குக் கதவில்லாததால் லயத்து வீடு வரை வந்த குரல், சொந்த நகரத்தின் மண்டபத்துக்குள் நுழைய 81 வயது ஆயிற்று. தாமதமாக வந்த நீதியைப் புரட்சி என்று கொண்டாடியவர்கள், தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று அதிகம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வேறு பெண்களும் அங்கே பாடினார்கள். பொன்னம்மாளையும் வெளியுலகம் கண்டுகொண்டது. தொண்ணூறு வயதை நெருங்கும்போது அவருக்குப் புதுசாக இளம் ரசிகர்கள் கிடைத்தார்கள். 2017-ல் பத்மஸ்ரீ வந்தது. 2021 ஜூனில், 96 வயதில் காலமானார்.

பாட்டால் பாறை உருகியதாகச் சொல்லப்படும் அகத்தியர் மலைக்கும் பெண்கள் ஏற முடியாமல்தான் இருந்தது. 2018-ல் கேரள உயர் நீதிமன்றம் அனுமதித்தது. 2019 ஜனவரியில், நவராத்திரி மண்டபத்துக்கு 12 வருடம் கழித்து, பெண்கள் போனக்காட்டிலிருந்து நடந்து சிகரத்துக்குப் போனார்கள்.

மண்டபத்தில் எட்டரை ஆனதும் கூட்டம் கைதட்டாமல் கலைந்துவிடும். பல வருடம் காத்திருந்து கேட்டவனும் அப்படியே எழுந்து, மேலே துண்டைப் போட்டுக்கொண்டு கிழக்கேகோட்டை பஸ் நிலையத்துக்கு நடக்க வேண்டியதுதான். தட்டாத கைகளை என்ன செய்வதென்று அவனுக்கு விதுரா போய்ச் சேரும் வரை தெரியாது.