மைனிங் மெஷின் விற்பவரை நம்பலாமா?

போன மாதம்தான் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கினார் என் பக்கத்து வீட்டு நண்பர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் ஒரு பிரிண்ட் அவுட்டுடன் வந்து நின்றார். பிட்காயின் மைனிங் மெஷின் விளம்பரம் அது.

"சார், இந்தக் கம்பெனி நிஜமா, டுபாக்கூரா? பார்த்துச் சொல்லுங்க. ஆபீஸ் போட்டோ, ஃபேக்டரி போட்டோ எல்லாம் போட்டிருக்காங்க. முழுப் பணமும் கட்டிட்டா மூணு மாசத்துல மெஷின் வீட்டுக்கே வந்துடுமாம்."

அவரிடம் நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கம்பெனி நிஜமா என்பது இரண்டாவது கேள்வி. மெஷின் வரத் தாமதமானால் நஷ்டம் யாருக்கு என்பதுதான் முதல் கேள்வி.

ஏன் என்று புரிய, மைனிங் என்றால் என்ன என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பிட்காயினுக்கு பாங்க் கிடையாது. யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார்கள் என்பதைச் சரிபார்த்துக் கணக்கில் ஏற்றும் வேலையை, உலகம் முழுவதும் உள்ள மெஷின்கள் போட்டி போட்டுக்கொண்டு செய்கின்றன. சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை, ஜெயித்தவருக்குப் புதிய பிட்காயின்கள் பரிசாகக் கிடைக்கும். மெஷின்கள் பெருகினால் பரிசு பெருகாது. சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, போட்டியின் கடினத்தை பிட்காயின் நெட்வொர்க்கே மாற்றி அமைத்துக்கொள்ளும். கல்யாணப் பந்தியில் ஒரே அண்டா பாயசம். ஆள் கூடக் கூட உங்கள் இலையில் விழுவது குறையும். அண்டாவும் சுமார் நான்கு வருடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். 2009ல் 50 பிட்காயினாக இருந்த பரிசு, 2024 ஏப்ரலில் 3.125 ஆகிவிட்டது.

அதாவது மைனிங் மெஷின் என்பது ஃப்ரிட்ஜ் மாதிரி இல்லை. ஃப்ரிட்ஜ் ஒரு வருடம் தாமதமாக வந்தாலும் அதே அளவுதான் குளிரும். மைனிங் மெஷின் ஒரு வருடம் தாமதமாக வந்தால் பெட்டிக்குள் இருக்கும்போதே கிழடாகிவிடும்.

இதற்கு நல்ல உதாரணம், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் இருந்த பட்டர்ஃப்ளை லேப்ஸ் கம்பெனி. பிட்காயினுக்கென்றே தனி சிப் வைத்த மெஷின்களை 2012 ஜூனில் அறிவித்தது. விலை 149 டாலரில் ஆரம்பித்து 29,899 டாலர் வரை. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். 2013 செப்டம்பரில் 20,000க்கும் மேற்பட்டவர்கள் பணம் கட்டிவிட்டு மெஷின் வராமல் காத்திருந்தார்கள் என்று பிறகு வழக்கில் சொல்லப்பட்டது. இத்தனைக்கும் 2013 ஆகஸ்டிலேயே மொனார்க் என்ற அடுத்த மாடலுக்குப் பணம் வாங்க ஆரம்பித்துவிட்டது கம்பெனி!

காத்திருந்தவர்கள் இழந்தது என்ன? அந்த 15 மாதத்தில் போட்டியின் கடினம் 40 மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. இடையில், 2012 நவம்பரில், பரிசும் 50லிருந்து 25 ஆனது. ஆகவே 2012 ஜூனில் ஒரு மெஷின் 80 நாணயம் எடுத்திருக்கும் என்றால், அதே மெஷின் 2013 செப்டம்பரில் அதே கால அளவில் எடுப்பது ஒரு நாணயம்கூடத் தேறாது. மெஷின் கைக்கு வந்தவர்களுக்கும் இந்தக் கதிதான்.

அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2014 செப்டம்பரில் வழக்குப் போட்டது. வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய மெஷின்களில் கம்பெனியே தனக்காக மைனிங் செய்துகொண்டது என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2016 பிப்ரவரியில் சமரசம் ஆனது. தீர்ப்பில் எழுதிய தொகை 3 கோடியே 86 லட்சம் டாலர். கட்ட வசதியில்லை என்று, கம்பெனி 15,000 டாலர் கட்டினால் போதும் என முடிந்தது. வழக்கு ஜெயித்தாலும் போன பணம் திரும்பி வருவது அபூர்வம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கவனியுங்கள். இந்தக் கம்பெனிக்கு நிஜமான ஆபீஸ் இருந்தது. நிஜமான மெஷினும் இருந்தது. நண்பர் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு "நிஜம்தான்" என்றே பதில் வந்திருக்கும்.

விற்பவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. டெக்சாஸில் இருந்த காயின்டெர்ரா நிஜமாகவே மெஷின் தயாரித்து விற்றது. 2015 ஜனவரியில் அதுவும் திவால் மனு கொடுத்தது. முன்பணம் கட்டியவரின் பாக்கி திவாலில் பெரும்பாலும் பின்வரிசையில்தான் நிற்கும்.

சொந்த அனுபவம் ஒன்றும் உண்டு. பல வருடத்துக்கு முன், புது கிராபிக்ஸ் கார்டு "அடுத்த வாரம் வருது சார்" என்று ஒரு கடைக்காரர் சொல்ல, முழுப் பணத்தையும் கட்டிவிட்டு வந்தேன். கார்டு வந்தது நான்கு மாதம் கழித்து. அதற்குள் அதே கார்டு பக்கத்துக் கடையில் பாதி விலைக்குத் தொங்கியது. கடைக்காரர் பொய்யர் இல்லை, பொருளைக் கொடுத்துவிட்டார். ஆனால் தாமதத்துக்கு விலை கொடுத்தது நான்தான்.

ஆகவே என் கருத்து இது. முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்டு, பொருளைப் பிறகு தருகிறேன் என்பவரிடம் மைனிங் மெஷின் வாங்கவே கூடாது. அவர் உத்தமராக இருந்தாலும் கூடாது. கையில் ஸ்டாக் இருக்கிறதா, ஓட்டிக் காட்டுவாரா, குறித்த நாளில் வராவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று எழுதித் தருவாரா என்று கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பிட்காயினாக மட்டும்தான் பணம் வாங்குவேன் என்றால் இன்னும் வேகமாக எழுந்து வாருங்கள். அனுப்பிய பிட்காயினைத் திரும்பப் பிடிக்க எந்த பாங்கும் உதவ முடியாது.

"தினம் இவ்வளவு லாபம்" என்ற வரியையும் நம்பாதீர்கள். இன்றைய கடினத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. அதில் கரண்ட் பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். செகண்ட் ஹேண்டில் மலிவாக வரும் ஆன்ட்மைனர் எஸ்9, 2016ல் வந்த மாடல். சுமார் 1,350 வாட் இழுக்கும். இரவும் பகலும் ஓடினால் மாதம் 972 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் 7,776 ரூபாய். போதாததற்கு, வீட்டில் யாரையும் தூங்கவிடாத இரைச்சல்.

"மெஷினே வேண்டாம், எங்கள் மெஷினில் பங்கு வாங்குங்கள்" என்று வருபவர்களிடம் இன்னும் உஷார். கனெக்டிகட்டில் இருந்த ஜி.ஏ.டபிள்யூ. மைனர்ஸ், தன்னிடம் இருந்த மைனிங் திறனைவிட அதிகமாகப் பங்கு போட்டு விற்றது. அதன் தலைவருக்கு 2018ல் 21 மாதச் சிறைத் தண்டனை.

எல்லா மைனிங் கம்பெனியும் ஃபிராடு என்று நான் சொல்லவில்லை. சொன்னபடி மெஷின் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நாம், தாமதத்தின் நஷ்டத்தை யார் தலையில் கட்டுகிறார்கள் என்று பார்க்கப் பழக வேண்டும். அந்த ஒரு கேள்வி மைனிங் மெஷினுக்கு மட்டுமல்ல, நாளைக்கு வரப்போகும் எந்தப் புதுச் சரக்குக்கும் பொருந்தும்.

நண்பர் அந்தக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டார், "மூன்று மாதத்தில் வராவிட்டால் முழுப் பணமும் திரும்பத் தருவீர்களா?" என்று. உடனே பதில் வந்தது. ஆபீஸ் போட்டோ இன்னும் நான்கு!