விரிசலை ஒட்டும் புரதம்

விருத்தாசலம் பீங்கான் சூளையில் ஒரு பொம்மை விரிசல் விட்டால், ஒதுக்கிவிட்டு வேறொன்று வார்த்துக்கொள்ளலாம். மூளையின் நரம்பு செல்லுக்கு அந்த வசதி இல்லை. பெரும்பாலும் ஆயுளுக்கும் அதேதான். பழுதை அங்கேயே சரிபார்த்தாக வேண்டும்.

குரோமோசோமில் உள்ள டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் அறுந்தால், அவற்றை ஒட்டவைக்க உதவும் புரதங்களில் ஒன்று டி.டி.பி-43. இருக்கவேண்டிய இடம் செல்லின் உட்கரு. ஆனால், ஏ.எல்.எஸ். நோயாளிகளிடமும், ஒருவகை டிமென்ஷியா உள்ளவர்களிடமும் அது உட்கருவுக்கு வெளியே கட்டிதட்டிக் கிடப்பது 2006-ல் தெரியவந்தது. அதனால் என்ன நஷ்டம்? உள்ளே அறுந்த இழைகள் ஒட்டப்படாமல் தேங்குகின்றன என்று 2019-ல் காட்டியது, அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள முரளிதர் ஹெக்டேயின் குழு.

குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. இந்த வகை டிமென்ஷியா பலருக்கு மறதியில் தொடங்குவதும் இல்லை. அமைதியான அப்பா திடீரென்று கூச்சமில்லாமல் பேசுவார். வீட்டில் அதை 'வயசுக் கோளாறு' என்பார்கள். நரம்பியல் டாக்டரிடம் காட்டவேண்டிய நேரம் அதுதான்.