'ஹோம்' என்பதற்குத் தமிழ் யாது?

எமது பள்ளியின் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு சனிக்கிழமை மொழிபெயர்ப்புப் பயிற்சி கொடுத்திருந்தோம். விடுமுறைக்கு 'ஹோம்' செல்கிறோம் என்னும் பொருளில் அமைந்த ஓர் ஆங்கில வாக்கியம் அதில் இருந்தது. மாணவி ஒருத்தி, 'விடுமுறைக்கு நாங்கள் வீட்டுக்குப் போகிறோம்' என எழுதியிருந்தாள். நாம் 'வீட்டுக்கு' என்பதைச் சிவப்பு மையால் வெட்டி, 'ஊருக்கு' எனத் திருத்தினோம். கொப்பியைப் பார்த்த பிள்ளை, "சேர், எங்கட வீடு இங்கதானே இருக்கு?" என்று கேட்டாள்.

தாயகத்தில் பத்தாண்டுகள் தமிழாசிரியராய்ப் பணியாற்றிய எமக்கு, அக்கேள்விக்கு உடன் விடையளிக்க இயலவில்லை. ஒரு சிறு சொல்லின் ஒத்த கருத்துச் சொற்களைப் பற்றி இம்மலரில் எழுத முற்பட்டமைக்கு அதுவே காரணமாகும்.

'ஹோம்' என்பது பழைய ஆங்கிலத்தில் 'ஹாம்' என வழங்கியது. பேர்மிங்ஹாம் என்னும் நகர்ப் பெயரின் ஈற்றில் நிற்பதும் அச்சொல்லே. நம்மவர் கடைகள் நிறைந்த ஈஸ்ற்ஹாமின் 'ஹாம்' அதுவன்று. அது நீர் சூழ்ந்த நிலத்தைக் குறிக்கும் வேறொரு சொல். ஜேர்மன் மொழியில் 'ஹோம்' என்பதன் உடன்பிறப்பு 'ஹைம்'. அந்நாட்டிற்குச் சென்ற நம்மவர் அகதிகள் விடுதியை அப்பெயராலேயே வழங்கினர்.

'ஹவுஸ்' என்பது கட்டடம். 'ஹோம்' என்பதோ குடியிருப்பையும், குடும்ப வாழ்வையும், பிறந்த மண்ணையும், முதியோரையும் சிறுவரையும் பேணும் நிலையத்தையும் ஒருங்கே சுட்டும். 1782 இல் தோன்றிய 'ஹோம் ஒபிஸ்' என்னும் உள்துறைத் திணைக்களத்தின் பெயரில் அது நாட்டையே குறிக்கின்றது. நம்மவரின் புகலிடக் கோரிக்கைகளை ஆராய்வதும் அத்திணைக்களமே. 'அபோட்' என்னும் சொல், தங்குதலைக் குறிக்கும் வினையினின்று பிறந்தது. எமது 'உறையுள்' உறைதலினின்று பிறந்தது போலவே. 'டுவெலிங்' என்பதன் வரலாறு இன்னும் வியப்புடைத்து. அதன் வேர்ச்சொல் முற்காலத்தில் வழிதவறச் செய்தல், தாமதித்தல் என்னும் பொருள்களை உடையதாயிருந்து, பின்னரே ஓரிடத்தில் தங்கி வாழ்தல் என்னும் பொருளை அடைந்தது. வழிதவறித் தாமதித்து ஈண்டுத் தங்கிவிட்ட எம்போன்றோர்க்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

தமிழின் பக்கம் வருவோம். வீடு, இல், இல்லம், மனை, அகம், குடில், உறையுள் என்று வரிசையாக ஒப்புவிக்கப் பிள்ளைகளைப் பழக்குகின்றோம். ஆங்கிலத்தில் பீற்றர் மார்க் ரொஜே என்னும் மருத்துவர் தமது சொற்கருவூலத்தை வெளியிட்டது 1852 இல். நம்மவரோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகளைச் செய்யுளாக யாத்து, திண்ணைப் பள்ளியில் மனனஞ் செய்வித்தனர். பெருமை கொள்ளத் தக்கதே. ஆனால் ஒன்றை மறத்தல் ஆகாது. திண்ணையில் இருந்து நிகண்டு கற்ற பிள்ளைக்குச் சொல் வழங்கும் உலகம் கண்முன் இருந்தது. எமது பிள்ளைக்குப் பட்டியல் மட்டுமே கிடைக்கின்றது.

பட்டியலிலுள்ள சொற்கள் ஒன்றற்கொன்று மாற்றாக நிற்பனவல்ல. வீடு குடிபூரல் என்போம். இல்லம் குடிபூரல் என்போர் எவருமிலர். முதியோர் இல்லம் என்போம். முதியோர் வீடு என்னோம். மனையிலிருந்து மனைவியும், இல்லிலிருந்து இல்லாளும் இல்லறமும் பிறந்தனர். ஊர்ப் பள்ளிக்கூடங்களில் ஓட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பிரித்த 'ஹவுஸ்' எமக்கு 'இல்லம்' ஆயிற்று. கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு என்னும் வழக்குகளில் வீடு என்பது உறவினர் கூடும் நிகழ்வையே குறிக்கும். இலண்டனில் வாடகை மண்டபத்தில் நடந்தாலும் அது கலியாண வீடுதான்! இப்பொருள் ஆங்கில 'ஹோம்' என்பதற்கு இல்லை.

'வீடு' என்னும் சொல்லே 'விடு' என்பதன் முதனிலை திரிந்த தொழிற்பெயர். அறம், பொருள், இன்பம், வீடு என்னும்போது பற்றனைத்தையும் விடுதலைக் குறிக்கும் சொல், விட மனமில்லாத இடத்திற்கும் பெயராய் அமைந்தது தமிழின் விந்தைகளுள் ஒன்று.

இனி எமது அனுபவம் ஒன்று. 2011 இல் இந்நாட்டுக்கு வந்த புதிதில் நிரப்பிய படிவம் ஒன்றில் 'ஹோம்' முகவரி கேட்கப்பட்டிருந்தது. வன்னியில் இருந்த எமது வீட்டின் முகவரியை எழுதினோம். உதவிக்கு இருந்த மொழிபெயர்ப்பாளர் அதனை வெட்டி, அன்று நால்வரோடு தங்கியிருந்த அறையின் முகவரியை எழுதினார். 2009 இன் பின்னர் வன்னி வீட்டிற்குக் கூரையுமில்லை, கதவுமில்லை. அவர் செய்தது முறையே. எனினும் அந்தக் கோடு எம் நெஞ்சில் நெடுநாள் கிடந்தது. அதே கோட்டைத்தான் அச்சனிக்கிழமை அப்பிள்ளையின் கொப்பியில் நாமும் இழுத்தோம். எமக்கு ஊரில் இருந்தது வீடு. அவளுக்கு இங்கே இருப்பது வீடு.

பெற்றோரிற் சிலர், "பிள்ளை இந்த நாட்டை வீடு என்று சொல்லப் பழகினால் ஊரை மறந்துவிடும்" என அஞ்சுகின்றனர். அவ்வச்சம் எமக்கும் உண்டு. ஆயினும் கண்டிராத ஒன்றை எவ்வாறு மறப்பது? பிள்ளைக்குத் தன் வீட்டைத் தமிழில் வீடு என்று சொல்லும் உரிமை வேண்டும். அவ்வுரிமையை மறுத்தால், தன் வாழ்வுக்குத் தமிழில் இடமில்லை என்றே அது எண்ணும். பின்னர் 'ஹோம்' மட்டுமே எஞ்சும்.

ஊர் என்னும் சொல்லைக் கட்டளையாகக் கொடாது, பொருள்களோடு கொடுங்கள். படலை, வளவு, விறாந்தை, கிணற்றடி, அடுக்களை, கோடி என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, அங்கே யார் இருந்தார், என்ன நடந்தது என்று கூறுங்கள். அம்மம்மா எந்தத் தூணில் சாய்ந்து வெற்றிலை போட்டார் என்பதைக் கேட்ட பிள்ளை, ஊர் என்னும் சொல்லைத் தானே தேடி எடுக்கும். ஆசிரியராகிய நாமும் பத்துச் சொற்களை ஒப்புவிக்கச் செய்வதை விடுத்து, மூன்று சொற்களை அவற்றுக்குரிய வாக்கியங்களோடு கற்பித்தல் நலம். பரீட்சைப் புள்ளி சற்றுக் குறையலாம், குறையட்டும்.

அடுத்த சனிக்கிழமை அக்கொப்பியை மீண்டும் வாங்கினோம். எமது திருத்தத்தை அடித்துவிட்டு, 'வீட்டுக்கு' என்பதன் பக்கத்தில் சரி அடையாளம் இட்டுப் புள்ளியும் கொடுத்தோம். அதன் கீழே, 'ஊருக்கு என்றும் எழுதலாம். அது எங்கே என்று அப்பாவிடம் கேட்டு வருக' எனக் குறித்து அனுப்பினோம். தந்தையார் என்ன கூறினார் என்பதை அவள் அடுத்த வாரம் இரண்டு பக்கத்தில் எழுதி வந்தாள். எழுத்துப் பிழைகள் மலிந்திருந்தன. அவற்றைத் திருத்த நாம் அவசரப்படவில்லை.