பழைய ஆயில் இன்ஜின் வாங்கப் போறீங்களா?

1895-ல் பெரியாறு அணையும், 1959-ல் வைகை அணையும் திறக்கப்பட்டன. ஆனாலும் மேலூர் பக்கத்துக் கடைமடை விவசாயிகளுக்கு ஒரு கவலை உண்டு. கதிர் வரும் நேரத்தில் வாய்க்கால் வற்றினால், கிணற்றிலோ கண்மாயிலோ கிடப்பதை இறைத்து உயிர்த்தண்ணீர் விட வேண்டும். கரன்ட் இல்லாத இடத்தில் இதற்குக் கைகொடுப்பது 5 ஹெச்.பி. டீசல் இன்ஜின்தான். புதிது வாங்கப் பணம் போதாதவர்கள் பழசைத் தேடுவார்கள். புது பெயின்ட்டைப் பார்த்து மயங்காமல் இதையெல்லாம் கவனியுங்கள்.

குளிர்ந்திருக்க வேண்டும்: முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும்.

கையால் சுற்றுங்கள்: டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு ஹேண்டிலைச் சுற்றினால் சீராகச் சுற்ற வேண்டும். லீவரை இறக்கியதும் கைக்கு எதிராக நன்றாக முட்ட வேண்டும். முட்டாமல் லேசாகச் சுற்றினால் ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கலாம். ஃப்ளைவீலை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கில் வேலை இருக்கிறது.

ஆயில்: பால் கலந்த காபி போல இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. மினுமினுவென்று உலோகத் துகள் தெரிந்தால் உள்பாகங்கள் தேய்கின்றன.

புகை: ஸ்டார்ட் ஆகும்போது கொஞ்சம் புகை வருவது சகஜம். சூடான பிறகும் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை தொடர்ந்தால் டீசல் முழுதாக எரியவில்லை. இன்ஜெக்டரையும் ஏர் ஃபில்டரையும் பார்க்க வேண்டும்.

தண்ணீர் இறைத்துப் பாருங்கள்: சும்மா ஓடும்போது எந்த இன்ஜினும் நன்றாகத்தான் இருக்கும். பம்புடன் இணைத்து அரை மணி நேரமாவது தண்ணீர் இறைக்கச் சொல்லுங்கள். சத்தம் மாறுகிறதா, வேகம் குறைகிறதா, அதிகமாகச் சூடாகிறதா என்று கவனியுங்கள்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். விற்பவரின் தொட்டியில் சில அடி ஆழத்தில் தண்ணீர் இருக்கும். உங்கள் கிணற்றில் அப்படி இருக்காது. மேலே வைத்த பம்பு நடைமுறையில் 6, 7 மீட்டர் ஆழத்துக்கு மேல் உறிஞ்சாது. இன்ஜினை மாற்றினாலும் இது மாறாது. எனவே உங்கள் கிணற்றின் கோடைக்கால ஆழத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள்.

விலை பேசும் முன்: பழக்கமான மெக்கானிக்கை அழைத்துச் சென்று, பழுதுபார்க்க ஆகும் செலவைக் கேட்டு, அதை விலையில் கழித்துப் பேசுங்கள். உதிரிபாகம் பக்கத்தில் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். இன்ஜின் நம்பர் அரிக்கப்பட்டிருந்தால் தொடாதீர்கள். நம்பர், தேதி, விற்பவர் கையெழுத்துடன் ரசீது வாங்குங்கள்.

மெக்கானிக்குக் கொடுக்கும் ஒரு நாள் கூலி பெரிய செலவல்ல. கதிர் வாடும் நேரத்தில் இன்ஜின் நின்றால், போவது ஒரு போகத்து உழைப்பு.