இளவரசியின் அழகும் பணிப்பெண்ணின் மரணமும்

எங்கள் வகுப்பில் நிலூபர் என்ற பெயருடைய மாணவிகள் இருவர் இருக்கிறார்கள். தங்கள் பெயரில் ஓர் இளவரசி வாழ்ந்தார் என்பது இருவருக்கும் தெரியாது. பாரசீகத்தில் அல்லி மலரைக் குறிக்கும் இச்சொல், வடமொழியின் நீலோற்பலத்திலிருந்து அங்கே சென்றது என்பர். அப்படிப் பார்த்தால் எமது நாட்டின் தேசிய மலரைத்தான் இருவரும் பெயராக வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னதும் ஒருத்திக்கு இரண்டு நாளாகத் தலைகால் புரியவில்லை.

இளவரசி நிலூபரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவரது அழகில்தான் தொடங்குகிறார்கள். அவர் அணிந்த சேலைகள், அவற்றின் சரிகை வேலைப்பாடு, உலகின் அழகிய பெண்களுள் ஒருவர் என்ற புகழ் எல்லாம் வந்து முடிந்த பின்னர், கடைசியில் ஒரு வரியாக ஒரு வைத்தியசாலை வருகிறது. இது அவருக்குச் செய்யப்படும் அநீதி என்பதே என் கருத்து.

நிலூபர் 1916ஆம் ஆண்டு இஸ்தான்புல்லில் பிறந்தார். தாய்வழியில் உஸ்மானிய சுல்தான் ஐந்தாம் முராதின் பரம்பரை. மிகச் சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். 1924 மார்ச் 3ஆம் திகதி துருக்கியின் பாராளுமன்றம் கிலாபத்தை ஒழித்து, அரச குடும்பத்தார் அனைவரையும் நாட்டை விட்டு வெளியேறும்படி சட்டம் இயற்றியது. எட்டு வயதுச் சிறுமியான நிலூபர் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பிரான்சின் நீஸ் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். அரண்மனைகளில் வாழ்ந்த அக்குடும்பத்தாரில் பலர் அங்கே நகைகளை விற்றுத்தான் காலந்தள்ளினார்கள்.

நாடிழந்த அந்தக் குடும்பத்துக்குக் கைகொடுத்தவர் ஹைதராபாத்தின் நிஸாம், மீர் உஸ்மான் அலி கான். இறுதிக் கலீபா இரண்டாம் அப்துல் மஜீதுக்கு மாதாந்தம் உதவித்தொகை அனுப்பிவந்த அவர், தன் மூத்த மகனுக்குக் கலீபாவின் மகள் துர்ரு ஷெஹ்வாரையும், இரண்டாவது மகன் முஅஸ்ஸம் ஜாவுக்கு நிலூபரையும் மணமுடித்து வைத்தார். 1931 நவம்பர் 12ஆம் திகதி நீஸ் நகரில் இரு நிக்காஹ்களும் நடந்தன. அப்போது நிலூபருக்கு வயது 15. நாம் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் வயதில் அவர் இரண்டாவது தடவையாகத் தெரியாத நாடொன்றுக்குக் கப்பலேறினார்.

அங்கே அவருக்கு மாளிகை இருந்தது, பணிப்பெண்கள் இருந்தார்கள். பிள்ளை மட்டும் இல்லை. ஐரோப்பாவின் வைத்தியர்களிடம் காட்டியும் பயனில்லை. 1948இல் கணவர் வேறொரு பெண்ணை மணந்தார். 1952இல் மணமுறிவு. பிள்ளையில்லாத பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதை இச்சஞ்சிகையை வாசிக்கும் தாய்மாருக்கு நான் விளக்கத் தேவையில்லை. அரண்மனையும் ஓர் ஊர்தான்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிலூபர் தாதியாகப் பயிற்சி பெற்று நிவாரணப் பணிகளில் ஈடுபட்டார். இந்த ஒரு விடயத்தில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். சுல்தானின் வழித்தோன்றல், நிஸாமின் மருமகள். தாதி வேலையைத் தன் தகுதிக்குக் குறைவென்று அவர் எண்ணவில்லை.

1949இல் அவருக்கு மிகவும் வேண்டிய பணிப்பெண் ரஃபத்துன்னிஸா பிரசவத்தின்போது இறந்துபோனார். உரிய வைத்திய வசதி இல்லாததே காரணம். அக்காலத்தில் அப்படி இறந்த பெண்கள் எத்தனையோ பேர். விதி என்று சொல்லி அழுதுவிட்டு இன்னொரு பணிப்பெண்ணை அமர்த்தியிருக்கலாம். நிலூபரோ விடயத்தை மாமனாரிடம் கொண்டுபோனார். தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமென ஒரு வைத்தியசாலை எழுந்தது. 1953இல் அது ஆரம்பமானபோது அவர் நிஸாமின் மருமகளாகக்கூட இருக்கவில்லை. ஆனாலும் ஹைதராபாத்தின் ரெட் ஹில்ஸ் பகுதியில் அது இன்றும் நிலூபர் வைத்தியசாலை என்ற பெயரிலேயே இயங்குகிறது. தனக்கொரு பிள்ளை இல்லாதவரின் பெயரைச் சொல்லி ஊரார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

பணம் நிஸாமுடையதுதானே, இவர் என்ன செய்தார் என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. நிஸாமிடம் பணம் முன்பும் இருந்தது, பிரசவத்தில் பெண்கள் முன்பும் இறந்தார்கள். அவ்விரண்டையும் சேர்த்து வைத்துப் பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. துர்ரு ஷெஹ்வாரும் ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக அதே நகரில் ஒரு வைத்தியசாலையை ஏற்படுத்தினார். பெண்பிள்ளைகளுக்குக் கல்லூரியும் அமைத்தார்.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் ராத்தா உயர்தரத்தில் உயிரியல் படித்தவர். வைத்தியத் துறைக்குப் புள்ளி போதவில்லை. தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பம் கோரி வர்த்தமானியில் அறிவித்தல் வந்தபோது ஆசையோடு நிரப்பினார். வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. "இரவு வேலை சரிவராது மகள்" என்றார் வாப்பா. "ஊர் என்ன சொல்லும்" என்றார் சாச்சி. விண்ணப்பம் அலுமாரிக்குள் போனது. இரண்டு வருடம் கழித்து ராத்தாவுக்குப் பிரசவ வேதனை வந்தது. அன்றிரவு வைத்தியசாலை வாசலில் வாப்பா வருவோர் போவோரிடமெல்லாம் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டு நின்றார்: "உள்ளே பெண்கள் இருக்கிறாங்களா? எங்கட ஆக்கள் யாரும் இருக்கிறாங்களா?"

இருந்தார் ஒருவர். பிற சமூகத்தைச் சேர்ந்த தாதி. விடியும்வரை ராத்தாவின் கையை விடாமல் பிடித்திருந்தவர் அவர்தான். அவருடைய வாப்பாவும் இரவு வேலை சரிவராது என்று சொல்லியிருந்தால்?

பெற்றோரே, குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்கள் தாய்மாரைப் பெண்களே பார்க்க வேண்டும் என்கிறீர்கள், சரி. அந்தப் பெண்கள் எந்த வீட்டிலிருந்து வருவார்கள்? நபியவர்களின் காலத்தில் போரில் காயமுற்றோருக்கு மஸ்ஜிதிலேயே கூடாரமிட்டுச் சிகிச்சையளித்த ருஃபைதா (ரழி) அவர்களின் வரலாற்றை மீலாத் மேடையில் எங்களைப் பேச வைக்கிறீர்கள். முதற்பரிசும் தருகிறீர்கள். மேடையை விட்டு இறங்கியதும் தாதி வேலை வேண்டாம் என்கிறீர்கள். பாதுகாப்பு, போக்குவரத்து, விடுதி வசதி பற்றிய உங்கள் கவலைகள் பொய்யல்ல. அவற்றைப் பேசித் தீர்க்கலாம். "ஊர் என்ன சொல்லும்" என்பதை மட்டும் எப்படித் தீர்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

நிலூபர் 1989இல் பாரிஸில் காலமானார். பொபினி முஸ்லிம் மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டார். பிறந்த நாட்டிலும் இல்லை, வைத்தியசாலை இருக்கும் நாட்டிலும் இல்லை.

ராத்தாவின் விண்ணப்பம் அதே அலுமாரியில் இன்னும் இருக்கிறது. அதன் திகதி எப்போதோ கடந்துவிட்டது. அடுத்த வருடம் என் பெறுபேறு வந்ததும் புதிதாக ஒன்றை நிரப்பப்போகிறேன். வாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இச்சஞ்சிகை வீட்டுக்கு வந்தால் அவர் முதலில் புரட்டுவது மகளின் பக்கத்தைத்தான்.