மருந்தோடு சோறும் தேவை

மார்ச் 24 உலகக் காசநோய் நாள். 1882ஆம் ஆண்டு அதே நாளில்தான், இந்நோய்க்கு ஒரு கிருமியே காரணம் என்று இராபர்ட் கோக் அறிவித்தார். ஆனால் அக்கிருமி உடலில் புகுந்த எல்லாரும் நோயாளிகள் ஆவதில்லை. பெரும்பாலோரின் உடல் அதை அடக்கி வைத்துவிடுகிறது. யாருடைய உடல் தோற்றுப்போகும் என்பதை அவர் உண்ணும் உணவும், நெருக்கியடித்து உறங்கும் அறையும் பெருமளவு தீர்மானிக்கின்றன.

1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், ஏழை நோயாளிகளில் ஒரு பிரிவினருக்குச் சானட்டோரியத்திலும் மறு பிரிவினருக்கு வீட்டிலுமாகச் சிகிச்சை அளித்தது. நல்ல உணவும் ஓய்வும் கிடைக்காத வீடுகளில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர். ஏழைகள் வீட்டிலிருந்தே மருந்து பெற இது வழிதிறந்தது. ஆனால், ‘மாத்திரை போதும், உணவு அவ்வளவு முக்கியமில்லை’ என்ற எண்ணமும் கூடவே வேரூன்றிவிட்டது.

அந்த எண்ணத்தைத் திருத்தியது ஜார்க்கண்டில் நடந்து 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு. எல்லா நோயாளிகளுக்கும் உணவுப்பொருள்கள் தரப்பட்டன. ஒரு பிரிவில் மட்டும், நோயாளியின் குடும்பத்தில் பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரைகள் சேர்த்து வழங்கப்பட்டன. கண்காணிக்கப்பட்ட குடும்பத்தினர் 10,345 பேர். உணவு பெற்ற குடும்பங்களில் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. தொடக்கத்திலேயே எடை கூடிய நோயாளிகளிடையே இறப்பும் வெகுவாகக் குறைந்திருந்தது. அரிசியும் பருப்பும் ஒரு தடுப்பூசிபோல் வேலை செய்திருக்கின்றன!

நாமோ நோயாளியையே குறை சொல்கிறோம். ‘மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்’ என்கிறோம். மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் அவர் ஒரு நாள் கூலியை இழக்கிறார் என்பதையும், அன்று அவர் வீட்டு உலையில் அரிசி விழாது என்பதையும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அரசும் இதை உணரத் தொடங்கியுள்ளது. 2018இல் நோயாளியின் உணவுக்கென மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாக உயர்ந்தது. தமிழகத்தில் 2022இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’, மிகவும் மெலிந்த நோயாளிகளை முதலிலேயே கண்டறிந்து மருத்துவமனையில் சேர்க்கிறது. ஆயினும், விலைவாசி ஏறிவரும் இந்நாளில், வருமானம் நின்றுபோன வீட்டிற்கு 1000 ரூபாய் எத்தனை நாள் வரும்?

இங்கே நமக்கும் ஒரு பங்கு உண்டு. ‘நிக்ஷய் மித்ரா’ என்ற அரசுத் திட்டத்தில் தனியாரும் அமைப்புகளும் பதிவு செய்துகொண்டு, நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் மாதந்தோறும் உணவுப்பொருள்கள் வழங்கலாம். நம் அன்பியம் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தை ஆறு மாதம் தாங்கிக்கொள்ள இயலாதா? அன்றாட உணவுக்காக நாள்தோறும் செபிக்கும்போது ‘எனக்கு’ என்று நாம் கேட்பதில்லை. ‘எங்களுக்கு’ என்றே கேட்கிறோம். அந்த ‘எங்களில்’ பக்கத்துத் தெருவில் இருமிக்கொண்டிருப்பவரும் அடங்குவார் என்பதை மறவாதிருப்போம்.